காதியாரிடம் போவதற்கு முன் போக நமக்கு ஓர் இடம் இருக்கிறதா?

கணவன் மனைவிக்கிடையில் பிரச்சினை என்றால் நமது ஊர்களில் அது எப்படி நகர்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் பெண்ணின் உம்மாவுக்குத் தெரியவரும். சில நாட்களில் வாப்பாவுக்கு. பிறகு ஒரு நாள் மஃரிபுக்குப் பின்னர் இரு பக்கத்து மாமாமாரும் நானாமாரும் கூடுவார்கள். மாப்பிள்ளையின் குறைகளை ஒரு பக்கம் பட்டியலிடும், பெண்ணின் குறைகளை மறுபக்கம் பட்டியலிடும். தேநீர் குடித்துவிட்டு, "இனி நல்லபடியா இருங்க" என்று சொல்லிக் கலைந்து போவார்கள். அது சரிவராவிட்டால் யாராவது ஓதிப் பார்க்கும் ஒருவரிடம் அழைத்துச் செல்வார்கள். அதற்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகம். கடைசியில் காதியார்.

இந்த வரிசையில் உள்ள எவரையும் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. பெரும்பாலானோர் நல்ல எண்ணத்துடன்தான் தலையிடுகிறார்கள். ஆனால் கவனித்துப் பாருங்கள். இத்தனை பேரில் ஒருவராவது இரண்டு மனிதர்களின் மனக்கசப்பைக் கேட்டு, அதன் வேரைக் கண்டறிந்து, அவர்களாகவே பேசிக்கொள்ள உதவும் பயிற்சியைப் பெற்றவரா? கால் முறிந்தால் வைத்தியசாலைக்குப் போகிறோம். காணிப் பிரச்சினைக்குச் சட்டத்தரணியிடம் போகிறோம். திருமணம் முறியும்போது மட்டும் கையில் கிடைப்பவர்களை நம்பியே இருக்கிறோம்.

சட்டம் தந்த முப்பது நாட்கள்

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பற்றி நமது சமூகத்தில் பேசாதவர் இல்லை. ஆனால் அதன் இரண்டாம் அட்டவணையில் உள்ள ஒரு விடயம் அதிகம் பேசப்படுவதில்லை. தலாக் சொல்ல விரும்பும் கணவன் முதலில் காதியாருக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்ததிலிருந்து முப்பது நாட்களுக்குள், இருவரது உறவினர்களினதும் பிரதேசத்தின் பெரியவர்கள், செல்வாக்குள்ள முஸ்லிம்களினதும் உதவியுடன் காதியார் சமாதானத்துக்கு முயல வேண்டும். அது கைகூடாவிட்டால்தான் அடுத்த கட்டம்.

அதாவது, சமாதானம் செய்து வைப்பது காதியாரின் விருப்பத்துக்கு விடப்பட்ட ஒன்றல்ல. சட்டம் அவர் மீது சுமத்திய கடமை. ஆனால் அந்தக் கடமையைச் செய்ய அவருக்கு என்ன கொடுத்திருக்கிறோம்? சட்டத்தின்படி நற்குணமும் தகுதியும் உள்ள ஒரு முஸ்லிம் ஆண் காதியாக நியமிக்கப்படலாம். சட்டத்துறைப் பயிற்சிகூட நிபந்தனையல்ல, உளவளத்துணைப் பயிற்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வேறு தொழிலைச் செய்துகொண்டு, சொற்பக் கொடுப்பனவுக்கு, வார இறுதியில் வீட்டு விறாந்தையிலோ பள்ளிவாசல் அறையிலோ பாடசாலை மண்டபத்திலோ வழக்குகளைக் கேட்பவர்களே அதிகம். வெளியே வரிசையில் பலர் காத்திருக்கும்போது ஒரு தம்பதிக்கு அவரால் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்?

மனைவி பஸஹ் கோரி வந்தாலும் நிலைமை இலகுவானதல்ல. மூன்று முஸ்லிம் மதியுரையாளர்கள் முன்னிலையில் அந்த விசாரணை நடக்க வேண்டும். நடைமுறையில் அவர்கள் அதே பிரதேசத்தைச் சேர்ந்த ஆண்கள். படுக்கையறை வரை போகும் ஒரு வேதனையை, நாளை வீதியில் சலாம் சொல்லப்போகும் மனிதர்கள் முன்னால் ஒரு பெண் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்ல வேண்டிய நிலை வருவதற்கு முன்னரே, மூடிய அறையில் ஒருவரிடம் சொல்லிவிடும் வாய்ப்பு அவளுக்குக் கிடைத்திருந்தால், சில வழக்குகள் காதி நீதிமன்றம் வரை வந்திருக்காது. வந்தவையும் இவ்வளவு கசப்புடன் வந்திருக்காது.

சீர்திருத்த விவாதத்தில் விடுபட்டது

2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை கையளிக்கப்பட 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த அறிக்கையும் இரண்டு தரப்பாகப் பிரிந்த சிபாரிசுகளுடன்தான் வந்தது. அதற்குப் பிறகு திருமண வயது, பலதார மணம், பெண் காதிகள், திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பம் எனப் பல விடயங்கள் விவாதிக்கப்பட்டன. காதி நீதிமன்றமே தேவையா என்ற கேள்வியும் எழுந்தது. இவை முக்கியமானவை, இவற்றில் கருத்து வேறுபாடும் உண்டு.

ஆனால் எந்தப் பக்கம் நிற்பவரும் மறுக்காத ஒரு விடயம் இருக்கிறது. பிரியத் தேவையில்லாத தம்பதிகள் பிரியக்கூடாது. பிரிந்தேயாக வேண்டியவர்கள் காயமின்றிப் பிரிய வேண்டும். பிள்ளைகள் பந்தாடப்படக்கூடாது. இதற்குத் தேவையானது பயிற்சி பெற்ற உளவளத்துணை. இதற்குப் பாராளுமன்றத்தில் ஒரு வரி கூடத் திருத்தத் தேவையில்லை. சமாதான முயற்சிக்குப் பெரியவர்களின் உதவியைப் பெறுமாறு கூறும் சட்டம், அந்த முப்பது நாட்களுக்குள் தம்பதியை ஓர் உளவளத்துணையாளரிடம் அனுப்பிப் பார்ப்பதைத் தடுக்கவில்லை. நாளைக்கே ஒரு காதியார் இதைத் தொடங்கலாம்.

"சபர் செய்யுங்கள்" என்ற ஒரே மருந்து

உளவளத்துணை என்றதும் சிலருக்கு அது மேற்கத்தேயச் சரக்கு என்ற எண்ணம் வருகிறது. குடும்ப இரகசியத்தை அந்நியரிடம் சொல்வதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கணவன் மனைவிக்கிடையில் பிளவு ஏற்படும் என அஞ்சினால் இரு குடும்பங்களிலிருந்தும் நடுவர் ஒருவர் வீதம் நியமிக்குமாறு ஸூரத்துன் நிஸாவின் 35ஆவது வசனம் வழிகாட்டுகிறது. பிரச்சினையை மூடி வைக்குமாறு அந்த வசனம் சொல்லவில்லை. சமாதானத்தை உண்மையில் விரும்பும், நீதியாகப் பேசும் மனிதர்களை நாடச் சொல்கிறது. நமது குடும்பக் கூட்டங்களில் அமர்ந்திருப்பவர்கள் நடுவர்களா அல்லது தத்தமது தரப்பின் வக்கீல்களா என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பரீரா (ரழி), முகீஸ் (ரழி) ஆகியோரின் சம்பவம் ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியிருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பரீரா, தன் கணவர் முகீஸை விட்டுப் பிரியத் தீர்மானித்தார். முகீஸ் அழுதபடி அவர் பின்னால் நடந்தார். நபி (ஸல்) அவர்கள் பரீராவிடம் அவருக்காகப் பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டபோது, தான் பரிந்துரை மட்டுமே செய்வதாகக் கூறினார்கள். அவர் மறுத்தார். நபியவர்கள் அவரை வற்புறுத்தவில்லை. அல்லாஹ்வின் தூதரே ஒரு பெண்ணின் முடிவுக்கு அவ்வளவு இடம் கொடுத்திருக்கும்போது, "குடும்ப மானம்" என்று சொல்லி ஒரு பெண்ணை வாயடைக்க நமக்கு என்ன அதிகாரம்? இன்று உளவளத்துணை படிப்பவர்களுக்கும் ஆரம்பத்தில் சொல்லிக் கொடுக்கப்படுவது இதுதான்: கேள், விளங்கிக்கொள், வழிகளைக் காட்டு, முடிவை அவர்களிடம் விடு.

சபர் பெரிய இபாதத். ஆனால் அடி வாங்குபவரிடம் சபரை உபதேசித்துவிட்டு, அடிப்பவரிடம் ஒன்றும் சொல்லாமல் விடுவது சபரைப் போதிப்பதாகாது. ருக்யாவையும் துஆவையும் எவரும் விடச் சொல்லவில்லை. ஆனால் பிரசவத்துக்குப் பின்னரான மனச்சோர்வில் தவிக்கும் ஒரு தாயை "கண்ணூறு" என்று சொல்லி மாதக்கணக்கில் வைத்திருப்பதும், ஐஸ் போதைக்கு அடிமையான கணவனை "சூனியம்" என்று சொல்லிக் காப்பாற்றப் பார்ப்பதும் நோயை முற்ற வைப்பதிலேயே முடிகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

வன்முறை இருந்தால் வழி வேறு

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். தம்பதி இருவரையும் ஒன்றாக அமர்த்திப் பேசும் உளவளத்துணை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அடி, உதை, கொலை அச்சுறுத்தல், பாலியல் வற்புறுத்தல் நடக்கும் வீட்டில் முதலில் தேவைப்படுவது பாதுகாப்பு. அங்கே இருவரையும் ஒன்றாக அமர்த்தி "மனம் திறந்து பேசுங்கள்" என்று கூறினால், அன்றைய இரவு அவள் பேசியதற்கான தண்டனை வீட்டில் காத்திருக்கும்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அதற்கு விவாகரத்துக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. காதி நீதிமன்றத்தில் வழக்கு இருக்க வேண்டும் என்பதுமில்லை. 1938 என்ற பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது மனப்பாடம் செய்து வைத்திருப்பது நல்லது. பிள்ளைகள் பாதிக்கப்பட்டால் 1929.

எங்கே போவது?

"சரி, போகலாம். ஆனால் எங்கே?" என்பதுதான் பெரும்பாலானோரின் கேள்வி. பதில் நாம் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது.

முதலாவது, பிரதேச செயலகம். அங்கே உளவளத்துணைக்கென்றே உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். கட்டணம் இல்லை. அடையாள அட்டை எடுக்கவும் ஓய்வூதியத்துக்கும் பிரதேச செயலகத்துக்குப் போகும் நமக்கு, அதே கட்டடத்தில் இந்தச் சேவையும் இருப்பது தெரியாது.

இரண்டாவது, அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவு. மாவட்ட வைத்தியசாலைகளிலும் பல ஆதார வைத்தியசாலைகளிலும் இந்தப் பிரிவு இயங்குகிறது. மனச்சோர்வு, தூக்கமின்மை, சந்தேக நோய், போதைப் பாவனை போன்றவை குடும்பப் பிரச்சினைக்குப் பின்னால் இருந்தால் இங்குதான் போக வேண்டும். சந்தேகத்தால் மனைவியின் தொலைபேசியைப் பறிக்கும் எல்லோரும் கெட்டவர்களல்லர். அவர்களில் சிலர் நோயாளிகள். நோய் என்றால் மருந்து உண்டு. பிள்ளை பிறந்த வீட்டுக்கு வரும் குடும்ப நல மாதுவிடமும் மனம்விட்டுச் சொல்லலாம், அவர் உரிய இடத்துக்கு அனுப்பி வைப்பார்.

மூன்றாவது, தொலைபேசி. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகலாக அழைக்கலாம். 1333 இலக்கத்திலும் இலவசமாகப் பேசலாம். கணவன் கட்டாரில், மனைவி ஊரில் என்று வாழும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். வட்ஸ்அப்பில் தொடங்கும் சண்டை வட்ஸ்அப்பிலேயே தலாக்கில் முடிகிறது. இவ்வாறானவர்களுக்கு நேரில் செல்வது இயலாத காரியம். இணையவழியில் உளவளத்துணை வழங்குபவர்கள் இப்போது இருக்கிறார்கள். இருவரும் வெவ்வேறு நாடுகளிலிருந்து ஒரே உரையாடலில் இணையலாம்.

நான்காவது, தொண்டு நிறுவனங்கள். 1987 முதல் இயங்கிவரும் விமன் இன் நீட் அமைப்பு உளவளத்துணையுடன் சட்ட உதவியும் வழங்குகிறது. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் தமிழ் பேசும் பெண்களுக்காகப் பல ஆண்டுகளாக இயங்குகிறது.

ஐந்தாவது, தனியார் உளவளத்துணையாளர்களும் மருத்துவ உளவியலாளர்களும். இவர்களில் பெரும்பாலானோர் கொழும்பையும் பெரிய நகரங்களையும் அண்டியே இருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பேசுபவர்கள் கிடைக்கும் அளவுக்குத் தமிழில் பேசுபவர்கள் கிடைப்பதில்லை. ஓர் அமர்வுக்கான கட்டணம் நாட்கூலிக் குடும்பம் ஒன்றுக்குத் தாங்காது. இது உண்மையான தடை. ஆகவேதான் அரச சேவையை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

யாரைத் தெரிவு செய்வது?

"கவுன்சிலர்" என்று பெயர்ப்பலகையோ பேஸ்புக் பக்கமோ வைத்திருப்பது தகுதிக்கு ஆதாரமல்ல. இரண்டு நாள் கருத்தரங்குச் சான்றிதழுடன் குடும்பங்களுக்குத் தீர்ப்புச் சொல்பவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். முதல் சந்திப்பிலேயே சில கேள்விகளைக் கேட்பதில் தவறில்லை. எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள்? தம்பதிகளுடன் பணியாற்றிய அனுபவம் உண்டா? நான் சொல்வது வேறு யாருக்காவது போகுமா? எத்தனை அமர்வுகள் தேவைப்படலாம், கட்டணம் எவ்வளவு? தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்திலோ பல்கலைக்கழகத்திலோ முறையாகப் படித்தவர்கள் இக்கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள்.

சில அடையாளங்களைக் கண்டால் எழுந்து வந்துவிடுவது நல்லது. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் போட்டுக் கொடுப்பவர், ஒரே சந்திப்பில் "விட்டு விடுங்கள்" என்றோ "சேர்ந்துதான் வாழ வேண்டும்" என்றோ தீர்ப்பளிப்பவர், அடியைச் சாதாரணமாக்குபவர், உத்தரவாதம் தருபவர், நமது தொழுகையையும் ஹிஜாபையும் பிரச்சினையின் காரணமாகப் பார்ப்பவர் ஆகியோரைத் தவிர்க்க வேண்டும். முஸ்லிம் அல்லாத உளவளத்துணையாளரிடம் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். முஸ்லிம் அல்லாத வைத்தியரிடம் நாம் போகிறோம். நமது மார்க்க வரையறைகளை மதிக்கிறாரா, தொழில் தெரிந்தவரா என்பதே அளவுகோல். மார்க்கத் தீர்ப்புத் தேவைப்படும் இடத்தில் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு பேரின் வேலையும் வேறு.

பெண்கள் பெண் உளவளத்துணையாளரைக் கேட்டுப் பெறலாம். அந்நிய ஆணுடன் தனித்திருக்க நேருமோ என்ற தயக்கம் இருந்தால் சகோதரியையோ தோழியையோ கூட்டிச் சென்று வெளியே அமர்த்தலாம். ஊரில் கதை பரவும் என்ற பயம் இருந்தால் பக்கத்து ஊருக்குப் போகலாம். காத்தான்குடிக்காரர் மட்டக்களப்பு நகருக்கும், பேருவளைக்காரர் களுத்துறைக்கும் போவது பெரிய பயணமல்ல.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி போகச் சம்மதித்தாலும் கணவன் மறுப்பதுதான் அதிகம் கேட்கக் கிடைக்கும் கதை. "எனக்கென்ன பைத்தியமா?" என்பது வழமையான பதில். கடனும் தொழில் நட்டமும் ஒரு மனிதனை உள்ளே அரிக்கின்றன. கிழக்கில் மனைவி வீட்டில் வாழும் மாப்பிள்ளைக்கு மாமன் மாமியோடு வரும் உரசலும் அப்படித்தான். அதைச் சொல்ல வழி தெரியாமல் அவன் கோபமாகக் கொட்டுகிறான். பேசத் தெரியாததால் குடும்பத்தை இழப்பதைவிட, பேசக் கற்றுக்கொள்வது ஆண்மைக்குக் குறைவல்ல. ஒருவேளை அவர் வரவே மறுத்தாலும் மனைவி தனியாகப் போகலாம். அடுத்த அடியைத் தெளிவாக வைக்க ஒருவர் போவதும் உதவும்.

சமூகம் செய்யக்கூடியவை

சிங்கப்பூரில் முஸ்லிம்கள் நம்மைப் போன்ற சிறுபான்மையினர். அவர்களுக்கும் தனியான சட்டமும் ஷரீஆ நீதிமன்றமும் இருக்கின்றன. அங்கே விவாகரத்துக் கோருபவர்கள் வழக்குக்கு முன்னர் உளவளத்துணைத் திட்டம் ஒன்றினூடாகச் செல்ல வேண்டும். மலேசியாவில் நிக்காஹுக்கு முன்னரே திருமணப் பயிற்சி நெறியைப் பூர்த்தி செய்ய வேண்டும். இரண்டும் ஷரீஆவுக்கு முரணானவை என்று அந்த நாடுகளின் உலமாக்கள் கருதவில்லை.

நமக்கு அவ்வளவு பெரிய கட்டமைப்பு உடனே தேவையில்லை. ஒவ்வொரு காதி நீதிமன்றமும் தனது எல்லைக்குட்பட்ட பிரதேச செயலகங்களின் உளவளத்துணை உத்தியோகத்தர்களுடன் ஓர் ஏற்பாட்டுக்கு வரலாம். முப்பது நாட்களில் இரண்டு அமர்வுகளாவது நடக்கட்டும், வன்முறை உள்ள வழக்குகளுக்கு விலக்கு இருக்கட்டும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் நிக்காஹ் அனுமதிக் கடிதம் கொடுக்கும்போதே இளம் தம்பதியை ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் புதுமணத் தம்பதிகளுக்கு நடத்தும் வகுப்புகளை இதனுடன் இணைத்துக் கொள்ளலாம். குத்பாக்களில் வருடத்துக்கு ஒரு முறையாவது 1926, 1938 ஆகிய இலக்கங்கள் ஒலிக்கட்டும். தனவந்தர்கள் பட்டம் பெற்ற முஸ்லிம் பெண்கள் சிலர் தமிழில் உளவளத்துணை படிப்பதற்குப் புலமைப்பரிசில் கொடுக்கலாம். ஒரு பள்ளிவாசல் மினாராவுக்குச் செலவாகும் தொகையில் ஒரு மாவட்டத்துக்கே போதுமானவர்களைப் படிக்க வைக்கலாம்.

திருமணத்துக்கு மண்டபம், சாப்பாடு, உடை, புகைப்படம் என்று இலட்சக்கணக்கில் செலவழிக்கிறோம். கைக்கூலியாக வீடே கட்டிக் கொடுக்கிறோம். அந்த வீட்டுக்குள் இருவரும் எப்படி வாழப்போகிறார்கள் என்பதற்கு ஒரு நாளையோ ஒரு சதத்தையோ ஒதுக்குவதில்லை. காதியாரின் வாசலில் கைக்குழந்தையுடன் காத்திருக்கும் அந்தப் பெண்ணும், தலையைக் குனிந்தபடி எதிரே நிற்கும் அந்த இளைஞனும் நமது பிள்ளைகள்தான். அவர்கள் அங்கே வந்து சேர்வதற்கு முன்னர் தட்டுவதற்கு ஒரு கதவாவது நமது ஊரில் இருக்கட்டும். பிரதேச செயலகத்தில் அந்தக் கதவு ஏற்கெனவே இருக்கிறதா, அதற்குப் பின்னால் தமிழ் பேசும் ஒருவர் அமர்ந்திருக்கிறாரா என்று இந்த வாரமே விசாரித்துப் பாருங்கள். இல்லையென்றால், பள்ளிவாசல் நிர்வாகத்தினூடாகப் பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அங்கிருந்தே நமது வேலை ஆரம்பிக்கிறது. அல்லாஹ் நமது இல்லங்களில் அன்பையும் நிம்மதியையும் நிலைக்கச் செய்வானாக.